பொய் மணி

ஊருக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதே ஊர் நம்மைப் பாராட்டும்போது தலையாட்டிக்கொண்டு நிற்கிறோமே, அதைவிடக் கேவலம் வேறு கிடையாது. என் சித்தப்பாவுக்கு நான் கொள்ளி வைத்த அன்று எஸ்டேட் சனம் மொத்தமும் என் முதுகைத் தட்டிக்கொடுத்தது. பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாத குறையை நீ தீர்த்துவிட்டாய் என்றார்கள். பெற்ற பிள்ளை ஏன் பக்கத்தில் இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்தைந்து வயது. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்றை எப்படியோ முடித்து, மலாக்கா டவுனில் ஒரு மாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி நம்மவர்தான். அதற்கு முன்னால் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்கு மலிவாகப் பேசலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, கேசட்டுகளை எல்லாம் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரும் நாலு போன் லைனும் வாங்கி வைத்து, சுரண்டுகிற கார்டு விற்கத் தொடங்கினார். கார்டைச் சுரண்டினால் ஒரு ரகசிய எண் இருக்கும். எங்கள் டவுன் நம்பருக்கு அடித்து, அந்த எண்ணைத் தட்டி, பிறகு வெளிநாட்டு நம்பரைத் தட்டினால் குரல் இன்டர்நெட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி கேட்கும். ஆனாலும் சனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

பிடித்தது சனங்களுக்கு மட்டுமில்லை. சில மாதங்களிலேயே எங்கிருந்தோ ஆட்கள் ரகசிய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, கை வலிக்காமல், ஒரு மெஷினை விட்டே தட்டினார்கள். ஏதாவது ஒன்று பொருந்திவிட்டால் போதும், அடுத்தவன் கார்டில் எந்தெந்த நாட்டுக்கோ கால் பறக்கும். காசு கொடுத்துக் கார்டு வாங்கியவன் மாடி ஏறி வந்து என் சட்டையைப் பிடிப்பான். முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. யார், எங்கேயிருந்து, எப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடி என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தார்.

வெளிநாட்டில் இந்த மாதிரி திருட்டைப் பிடிக்கிறவர்கள் எழுதுகிற குறிப்புகளை நான் இன்டர்நெட்டில் படித்துக்கொண்டிருந்தேன். திருடனைத் துரத்தாதே, அவனுக்கென்று ஒரு பொய்யான மெஷினை வைத்து உள்ளே வரவிடு, அவன் என்ன செய்கிறான் என்று சும்மா உட்கார்ந்து பார் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குத் தேன்பானை என்று பெயர் வைத்திருந்தார்கள். எறும்பு தானாக வந்து விழுமாம். முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். எலிப்பொறி என்று சொல்லேன் தம்பி என்றார். எனக்கு அப்போது இருந்த மண்டைக்கனத்துக்கு, மலேசியாவிலேயே இந்த வேலையைச் செய்கிற முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். சந்தேகப்படுகிற கார்டிலிருந்து கால் வந்தால் உண்மையான மெஷின் அதைச் சத்தமில்லாமல் இந்தப் பழைய மெஷினுக்குத் தள்ளிவிடும். இது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். எந்த நம்பரைத் தட்டினாலும் சரி என்று சொல்லி, அந்தப் பக்கம் மணி அடிக்கிற ஓசையைக் காதில் ஊதும். உண்மையில் எங்கும் எந்த மணியும் அடிக்காது. அவர்கள் தட்டிய நம்பரையும், காத்திருக்கும்போது பேசுவதையும் பதிந்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

மணியோசை நம்பும்படி இருக்க வேண்டுமே. இந்தியாவில் அடிக்கிற ரிங்குக்கு ஒரு தனித் தாளம் உண்டு. ஒரு மதியம் இந்தியாவில் பூட்டிக் கிடந்த ஒரு கடை நம்பருக்கு உண்மையாகவே அடித்து, ஸ்பீக்கரில் வரும் ஓசையை மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன். எங்கள் ஆபீஸ் சீலிங் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அதுவும் அந்த ரிங்கோடு சேர்ந்து பதிந்துவிட்டது. மறுபடி பதிய சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். திருடனுக்கு ஃபேன் சத்தம் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.

அடுத்து, யார் திருடன் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் எழுதிய விதி இதுதான்: ஒரே கார்டு ஒரே நாளில் பல நம்பர்களுக்குப் போகிறதா? ஒவ்வொன்றும் இரண்டு மணியிலேயே, யாரும் எடுப்பதற்கு முன்னால், வெட்டிவிடப்படுகிறதா? தினமும் இதே கதையா? அப்படியென்றால் அவன் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கிறவன். திருடன். பொறிக்குள் தள்ளு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த விதியைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஒரு கார்டு மாட்டியது. நான் கையைத் தட்டினேன். முதலாளி கீழே போய் எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்தார்.

இந்த இடத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த விதியில் இருக்கிற திருடன் யாரென்று எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. நான் வளர்ந்த லயத்தில், ஒரே கூரைக்கடியில் வரிசையாக நிற்கிற தொழிலாளர் வீடுகளில், ஒரு பேப்பரை ஒன்பது வீடு படிக்கும். ஒரு ஏணி, ஒரு இடியாப்ப உரல், ஒரு டிவி, எல்லாவற்றுக்கும் ஒன்பது வீடுதான். அந்த வருடம் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது எங்கள் கடைக் கார்டு ஒன்றை நானே கொண்டுபோய் சித்தப்பாவின் மனைவியான என் சின்னம்மா கையில் கொடுத்தேன். ஒன்பது வீடும் அதைப் பங்கு போட்டுக்கொண்டது. பாதி வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்தார்கள். சின்னம்மாவின் ஒரே மகன், என் தம்பி முறை, தமிழ்நாட்டில் ஒரு காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எடுக்காத காலுக்குக் கார்டில் காசு குறையாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அதிலிருந்து லயத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் இரண்டு மணி அடித்து வைத்துவிட்டால், இங்கே எல்லாரும் சுகம் என்று அர்த்தம். இரண்டோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஓடி வந்து எடு, விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கார்டு, ஒன்பது வீடு, தினமும் இரண்டு இரண்டு மணி. டவுனில் ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது அது எனக்குத் திருட்டாகத் தெரிந்தது. எஸ்டேட்டை விட்டு வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

சித்தப்பா எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். நெஞ்சில் நோய் வந்து மூன்று வாரமாக மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். என் ஆபீசிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லி உடனே கிளம்பிவிட்டேன். பொய் இல்லை, வேலை இருந்தது. பொறி செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் நானும் முதலாளியும் பொறியில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தோம். அதே கார்டுதான் மறுபடி மறுபடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கால் மட்டும் நீளமாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். பழைய மெஷின், மட்டமான பதிவு, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்டது. முதலில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண்குரல். "எடு சாமி... எடு சாமி..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆண்குரல், மூச்சு வாங்கிக்கொண்டே, "வேலயா இருப்பான். விடு" என்றது. அதோடு கால் முடிந்தது.

முதலாளி சிரித்தார். பார்த்தியா தம்பி, திருட்டுக் கால் அடித்துவிட்டுச் சாமியைக் கூப்பிடுகிறார்கள் என்றார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் சொன்னேன், சாமிக்கு லைன் பிஸி முதலாளி என்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டோம்.

பத்து மணிக்கு என் அப்பா போன் பண்ணினார். சித்தப்பா விடிகாலையில் போய்விட்டார், உடம்பை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோகிறோம், நீ நேரே வீட்டுக்கு வந்துவிடு என்றார். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிற வழியெல்லாம் ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த வருத்தமே பெரிய வருத்தம் என்று இருந்தேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழவில்லை. கோபமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாராம். சித்தப்பா மகனின் குரலையாவது கேட்க வேண்டும் என்றாராம். அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வார்டுக்கு வெளியே இருந்த பப்ளிக் போனுக்குத் தள்ளிக்கொண்டு போய், கார்டு நம்பரைத் தட்டி, ரிசீவரை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சின்னம்மா நின்றிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மகன் எடுக்கவில்லையாம். இன்று காலையிலும் இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லையாம்.

"நீ ஒரு தடவ அடிச்சுப் பாரு தம்பி. மணி போவுது. வேணும்னே எடுக்க மாட்றான்" என்றார்.

எஸ்டேட் ஆபீஸ் போனில் வெளிநாட்டுக்கு அடிக்க முடியாமல் பூட்டு போட்டிருந்தார்கள். எஸ்டேட் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் இருந்த பப்ளிக் போனுக்கு நடந்தோம். சின்னம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார்டை எடுத்து, மனப்பாடமாக நம்பரைத் தட்டி, ரிசீவரை என் காதில் வைத்தார். இந்திய ரிங் கேட்டது. அதற்குப் பின்னால், மெதுவாக, டக். மறுபடி ரிங். டக்.

அது எங்கள் ஆபீஸ் ஃபேன்.

காலையில் ஸ்பீக்கரில் கேட்ட குரல் யாருடையது என்பதும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த இருமலும் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம்போல் இருந்தது. சின்னம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்குதா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அடிக்குது சின்னம்மா" என்றேன்.

டவுனுக்குப் போய் வேறு போனில் அடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வண்டியை விரட்டினேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பொறியை நிறுத்தினேன். உண்மையான லைனில் தம்பியின் விடுதிக்கு அடித்தேன். அந்த நம்பரை அவன் எனக்கு ஒரு கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருந்தான். கடிதம் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. இரண்டு நாளாக ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருந்த அதே நம்பர். யாரும் எடுக்கவில்லை, காலேஜ் நேரம். அப்பா தந்தி கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு இன்னொன்றையும் செய்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, பொறியில் பதிந்திருந்த எல்லாவற்றையும் அழித்தேன். நம்பர்கள், நேரங்கள், குரல்கள், ஒன்று விடாமல். யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. முதலாளியிடம் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அவர் நம்பினார்.

அன்று சாயங்காலமே எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மகன் இல்லாவிட்டால் அண்ணன் மகன்தான் செய்ய வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். தலையை மழித்து, ஈரத் துணியோடு தோளில் குடம் ஏற்றி, நான் மூன்று சுற்று வந்தேன். கூட வந்த ஒருவர் குடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார், தண்ணீர் முதுகில் வடிந்தது. அப்போதுதான் எல்லாரும் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். மறுநாள் சாம்பலைக் கோலா சுங்கை பாருவுக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்ததும் நான்தான்.

தம்பி வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். வாசலில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சின்னம்மா அவனை உள்ளே வா என்று சொல்லாமல், மணி அடித்தது, நீ எடுக்கவில்லை என்றார். அடிக்கவே இல்லையம்மா என்றான் அவன். வெள்ளி, சனிக்கு வர வேண்டிய இரண்டு மணிகூட வரவில்லை, கார்டு தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில்தான் இருந்தேன் என்றான். சின்னம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. தன் காதால் கேட்ட மணி பொய் என்று எந்தத் தாய் நம்புவாள்? நான் நடுவில் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உள்ளே போகும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிட்டீங்கண்ணே என்று அழுதான்.

கருமாதி முடிந்ததும் அவன் திரும்பிப் போனான். சின்னம்மா எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கா பத்துவில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலைக்குப் போனார். சாயங்கால மணி நின்றுவிட்டது. அவன் எழுதுகிற கடிதங்களைச் சின்னம்மா பிரித்துப் படிப்பார், பதில் போடமாட்டார். மாதம் ஒரு தடவை நான் அரிசி, பால்மாவு வாங்கிக்கொண்டு போவேன். கொள்ளி வைத்த பிள்ளை என்று எனக்கு நல்ல பெயர். அவர் கையால் சோறு போடுவார், நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வருவேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். வெட்கங்கெட்ட ஜென்மம், சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

தெவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனேன். சின்னம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் நிமிராமலே, "வேணாம். அப்பன் கூப்பிட்டப்ப எடுக்காதவன் தெவசத்துக்கு எதுக்கு?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சுவரோரம் உட்கார்ந்து சொன்னேன்.

"அந்த மணி இந்தியாவுல அடிக்கல சின்னம்மா. எங்க ஆபீசுல அடிச்சது. திருடனப் பிடிக்க நான் பொறி வெச்சிருந்தேன். உங்க காலு அதுல மாட்டிக்கிச்சு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பொய் மணியை எப்படிச் செய்தேன், ஒன்பது வீட்டுக் கார்டு எப்படித் திருட்டுக் கார்டாகத் தெரிந்தது, ஃபேன் சத்தத்தைக் கேட்டு எப்படிக் கண்டுபிடித்தேன், அன்று போனடியில் நின்றுகொண்டு ஏன் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். பொறிக்குள் பேசினது பதிந்துவிடும், அப்படித்தான் திங்கட்கிழமை நாங்கள் அதைக் கேட்டோம் என்றும் சொன்னேன். சிரித்ததையும் மறைக்கவில்லை. திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் விரும்பினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப எம் புள்ள பொய் சொல்லல" என்றார். அதைத் தனக்குத்தானே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு வருடமாக நான் பார்க்காத ஒரு முகம் அவருக்கு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயமோ என்னவோ.

பிறகு சட்டென்று என்னைப் பார்த்தார்.

"பேசினதெல்லாம் பதிஞ்சிடும்னு சொன்னியே. அப்ப அவரு கொரலு அதுல இருக்கா?" என்று கேட்டார். "ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுய்யா. எங்கிட்ட அவரு கொரலு எதுலயும் இல்ல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடமாக என்னென்ன கேட்பார் என்று யோசித்து வைத்திருந்தேன், இது மட்டும் அதில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சிட்டேன் சின்னம்மா. அன்னிக்கே. பயந்துகிட்டு அழிச்சிட்டேன்" என்றேன்.

வெளியே ஏதோ பஸ் நின்று கிளம்பிப் போயிற்று. பிறகு சின்னம்மா கத்தியை எடுத்து, பாதி உரித்த வெங்காயத்தைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.

"விடு" என்றார். "வேலயா இருந்திருப்பே."